ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பாடும் ஸ்பீக்கர்

காரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கிளம்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பாட்டுக்குப் பின்னால் 'ங்ஙீ...' என்று ஒரு விசில் கூடவே ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. பாட்டை நிறுத்திப் பார்த்தாலும் விசில் மட்டும் நிற்பதில்லை. டிக்கியில் தனியாக ஆம்ப் போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள்.

கடைக்குப் போனால் முதலில் "நாய்ஸ் ஃபில்டர் போட்டுடலாம் சார்" என்பார்கள். அது கேட்கவில்லை என்றால் "கேபிள் லோக்கல் சார், மாத்திடலாம்". அப்புறம் "ஆம்பே சரியில்ல". ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பில். சில நேரம் ஏதோ ஒன்று மாற்றும்போது சத்தம் போயும் விடும், ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த முறை பிடிப்பதில்லை. சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியும்வரை ஒரு பொருளும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.

முதலில் அந்த விசில் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். கார் எஞ்சின் ஒரு பெல்ட் மூலம் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. (நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் அதற்கு 'டைனமோ' என்றுதான் பெயர். டைனமோ போய் எத்தனையோ வருஷம் ஆனாலும் பெயர் போகவில்லை.) அது உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏசி. உள்ளேயே இருக்கும் டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. ஆனால் வெளியே வருவது பேட்டரி தருவது போன்ற நேர்கோட்டு டிசி இல்லை. மேலே குட்டிக் குட்டி மேடுகள் இருக்கும். வழக்கமான ஆல்டர்னேட்டரின் ரோட்டரில் 12 துருவங்கள், அதாவது 6 ஜோடி. ஒரு ஜோடி கடந்து போகும்போது 6 மேடுகள். ஆக ஒரு சுற்றுக்கு 36.

இனி கணக்கு சுலபம். எஞ்சின் ஐடிலில் 800 ஆர்பிஎம், புல்லி விகிதம் சுமாராக இரண்டரை என்று வைத்தால் ஆல்டர்னேட்டர் 2000 ஆர்பிஎம்மில் சுற்றும். நொடிக்கு 33 சுற்று, பெருக்கல் 36, சுமார் 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2000 ஆர்பிஎம்முக்குப் போனால் அது 3000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. குழந்தை அழுவதும் அங்கேதான் உறைக்கும். அதனால்தான் இவ்வளவு சின்ன சத்தம் இவ்வளவு எரிச்சலூட்டுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மேடுகள் எல்லாக் காரிலும் இருக்கின்றன. கம்பெனியில் இருந்து அப்படியே வந்த காரிலும் ஆல்டர்னேட்டர் இதே பாட்டைத்தான் பாடுகிறது, நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆகவே 'சத்தம் எங்கிருந்து வருகிறது' என்பது பாதிக் கேள்வி. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் உண்மையில் தேட வேண்டியது.

பெரும்பாலான நேரம் அந்தக் கதவு எர்த். இதைப் புரிந்துகொள்ள ஆம்ப் எல்லாம் வேண்டாம், போன் போதும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜர் செருகி, அதில் போனை மாட்டி, அதே போனிலிருந்து ஆக்ஸ் ஒயர் வழியாக செட்டுக்குப் பாட்டு கொடுங்கள். பல கார்களில் விசில் வரும். சார்ஜரைப் பிடுங்கினால் போய்விடும். சார்ஜர் கெட்டதா? இல்லை. போன் இப்போது இரண்டு இடத்தில் காரின் எர்த்தைத் தொடுகிறது. ஒன்று சாக்கெட் வழியாக, இன்னொன்று ஆக்ஸ் ஒயரின் எர்த் வழியாக செட்டின் பாடிக்கு. இரண்டும் 'எர்த்'தான், ஆனால் ஒரே இடம் இல்லை. நடுவில் ஒயரும் தகடும் போல்ட்டும் இருக்கின்றன, அவற்றில் ஏதேதோ கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் ஓடினால் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தே தீரும். அந்த வித்தியாசத்தை ஆக்ஸ் ஒயர் பாட்டோடு சேர்த்து செட்டுக்குள் கொண்டு போய் விடுகிறது. கிரவுண்ட் லூப் என்கிறோமே, அது இவ்வளவுதான்.

ஆம்ப் போட்ட காரில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. செட் டேஷ்போர்டில் எர்த் ஆகிறது, ஆம்ப் டிக்கியில். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டர் ஆர்சிஏ கேபிள். அந்தக் கேபிளின் வெளிச் சுற்று இரண்டு எர்த்தையும் இணைக்கிறது, சிக்னலுக்கான திரும்பும் வழியும் அதுவேதான். இரண்டு முனைக்கும் 2 மில்லிவோல்ட் விசில் வித்தியாசம் இருந்தால் அது அப்படியே சிக்னலோடு கூடும். செட்டின் ஆர்சிஏ அதிகபட்சம் 2 அல்லது 4 வோல்ட் தரும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். ஆனால் மெதுவாகப் பாட்டு கேட்கும்போது அதில் வருவது 20, 30 மில்லிவோல்ட்தான். 20க்கு 2 என்றால் பத்தில் ஒரு பங்கு. தாராளமாகக் கேட்கும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? கருவியைத் தொடுவதற்கு முன் காதால் இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிடலாம். வால்யூமைத் திருகினால் விசிலும் கூடுகிறதா? கூடினால் சத்தம் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்பே நுழைந்துவிட்டது. போன், ஆக்ஸ், ஆன்டெனா பக்கம் தேட வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தாலும் விசில் அதே அளவில் இருந்தால் அதற்குப் பின்னால், அதாவது ஆர்சிஏ கேபிள், எர்த், ஆம்ப். ரேடியோவில் மட்டும் வருகிறதா? அப்படியானால் அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

அடுத்தது பிரித்துப் பார்ப்பது. நண்பர் ஒருவரின் காரில் செய்ததையே சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோளாறு இருந்தது. பத்து வருடப் பழைய ஹேட்ச்பேக், டிக்கியில் நாலு சேனல் ஆம்ப். ஒரு மழைக்காலம் முடிந்ததும் விசில் ஆரம்பித்திருக்கிறது. கடையில் பவர் ஒயரில் ஒரு ஃபில்டரும், ஆர்சிஏயில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரும் போட்டு அனுப்பியிருந்தார்கள். விசில் குறைந்தது, கூடவே பேஸும் குறைந்தது. இனி புது ஆம்ப் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்தாயிரம் ரூபாய் சமாச்சாரம்.

முதல் வேலையாக ஐசொலேட்டரைக் கழற்றினேன். விசில் பழையபடி பலமாக வந்தது. நல்லது, சத்தம் பலமாக இருந்தால்தான் தேட வசதி. வால்யூம் பூஜ்யத்திலும் அதே அளவு. பிறகு எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்சிஏயைப் பிடுங்கினேன். (ஆனில் இருக்கும்போது பிடுங்காதீர்கள். 'டொம்' என்று ஒரு அடி விழும், ட்வீட்டர் போகலாம், வேறொன்றும் போகலாம், அது என்ன என்று கீழே சொல்கிறேன்.) ஆம்பின் இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் செருகினேன். பெயர்தான் பெரிது. ஒரு பழைய ஆர்சிஏ பின்னில் நடு முள்ளையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் செய்தால் அதுதான் ஷார்ட்டிங் பிளக். எஞ்சினை ஆன் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், மயான அமைதி.

இந்த ஒரு சோதனையிலேயே பாதி சந்தேகங்கள் கழிந்துவிட்டன. பவர் ஒயர் வழியாகச் சத்தம் வந்திருந்தால் இப்போதும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆக அந்த ஃபில்டர் இல்லாத நோய்க்குப் போட்ட மருந்து. அடுத்து, சார்ஜரில் இல்லாத போனிலிருந்து நேராக ஆம்புக்குப் பாட்டு கொடுத்தேன். சுத்தமாகப் பாடியது. ஆம்ப் நிரபராதி. பதினைந்தாயிரம் மிச்சம்.

மிச்சம் இருப்பது இரண்டு: ஆர்சிஏ கேபிள், எர்த். கேபிள் பவர் ஒயரோடு ஒட்டிக்கொண்டே போனால் சத்தம் தாவி ஏறலாம். அதனால்தான் பவர் ஒரு பக்க வாசல்படி ஓரமாகவும் ஆர்சிஏ மறுபக்கமாகவும் போக வேண்டும் என்கிறார்கள். இதைச் சரிபார்க்க கார்பெட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. கையில் இருந்த இன்னொரு நீளக் கேபிளை செட்டிலிருந்து சீட்டுக்கு மேலாகவே இழுத்து ஆம்பில் செருகினேன். விசில் அப்படியே இருந்தது. கேபிளும் நிரபராதி.

இப்போது எர்த். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து ஆம்பின் எர்த்தையும் பாடியையும் தொட்டால் 'பீப்' என்று கேட்கும். "எர்த் பக்கா சார்" என்று மூடிவிடுவார்கள். அந்த பீப்புக்கு இங்கே மதிப்பே இல்லை. பல மீட்டர்கள் சில பத்து ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் பீப் அடித்துவிடும். மீட்டரின் இரண்டு ஒயருக்கே கால் ஓம் வரை வரும். நாம் தேடுவதோ 0.02 ஓம். தராசில் மூட்டை நிறுக்கிறவன் ஏலக்காய் நிறுத்த கதை.

சரியான வழி, கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் அளப்பது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நீளமாக ஒரு ஒயரை டிக்கி வரை இழுத்து மீட்டரின் ஒரு முனையில் கட்டினேன். மறு முனை ஆம்பின் எர்த் டெர்மினலில். மீட்டர் டிசி வோல்ட்டில். எஞ்சின் ஆன், ஹெட்லைட் ஆன், ஏசி ஃபேன் முழு வேகம். ஷார்ட்டிங் பிளக்கை எடுத்துவிட்டு, நல்ல பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாக ஓடவிட்டேன். மீட்டர் 0.31 வோல்ட் வரை ஏறியது. 0.1க்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன், 0.3 ரொம்ப அதிகம். ஆம்ப் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் வகுத்துப் பாருங்கள், 0.02 ஓம். பீப்பால் ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாத அளவு. செட்டின் பாடியில் அதே போல அளந்தால் 0.02 வோல்ட்தான் வந்தது. ஆக ஒரே காரில் இரண்டு எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.3 வோல்ட் வித்தியாசம்.

டிக்கியின் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் காரணம் பல்லிளித்தது. பெயின்டைச் சுரண்டாமல் ஒரு ஸ்க்ரூவைத் தகட்டில் முறுக்கி எர்த் கொடுத்திருந்தார்கள். ஸ்க்ரூவின் மரைகள் மட்டும்தான் உலோகத்தைத் தொடுகின்றன. மழையில் அங்கே துரு. ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று தேய்த்து, பல் வாஷர் வைத்து, நட்டு போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள். மறுபடி அளந்தால் 0.03 வோல்ட். போல்ட் போடும் முன் தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள், பெட்ரோல் டேங்க் அங்கேதான் இருக்கும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்துவதும் வேண்டாம், அது உயிர் காக்கிற போல்ட்.

விசில் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை.

இரண்டாவது கோளாறு இங்கேதான். பல செட்களில், ஆர்சிஏயின் வெளி வளையத்தை செட்டின் எர்த்தோடு இணைப்பது சர்க்யூட் போர்டில் உள்ள மிக மெல்லிய ஒரு ஃபியூஸ், அல்லது முடி போன்ற ஒரு செம்புக் கோடு. அதைக் காக்க யாரும் இல்லை. டிக்கியில் ஆம்பின் எர்த் மோசமானால் ஆம்பின் கரண்ட் வேறு வழி தேடும். பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது, ஆர்சிஏயின் வெளிச் சுற்று. அது வழியாக முன்னால் போய், செட்டுக்குள் நுழைந்து, அந்த மெல்லிய கோட்டை எரித்துவிடும். ஆனில் இருக்கும்போது ஆர்சிஏயைப் பிடுங்கினாலும் இதே விபத்து நடக்கலாம். மேலே எச்சரித்தது இதற்குத்தான். கோடு எரிந்த பிறகு செட் பாடும், எல்லாம் வேலை செய்யும், ஆனால் சிக்னலின் எர்த் அந்தரத்தில் தொங்கும். விசில் கொட்டும்.

சோதனை எளிது. செட்டை வெளியே இழுத்து, கேபிளைக் கழற்றி, ஆர்சிஏயின் வெளி வளையத்துக்கும் செட்டின் உலோக உடம்புக்கும் கன்டின்யூட்டி பார்க்க வேண்டும். (இங்கே பீப் போதும். அறுந்ததா இல்லையா என்றுதானே கேட்கிறோம்.) சத்தமே இல்லை. கேபிளை மாட்டி, ஒரு துண்டு ஒயரால் வளையத்தையும் உடம்பையும் தொட வைத்ததும் விசில் சட்டென்று நின்றது, குழாயை மூடின மாதிரி. அந்த ஒயரையே நிரந்தரமாகக் கட்டிவிட்டோம். ஃபில்டரைக் கழற்றி நண்பர் கையில் கொடுத்தேன். பேஸ் திரும்பி வந்தது.

ஐசொலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது மோசடிப் பொருள் இல்லை. உள்ளே இருப்பது ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றிய குட்டி டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு எர்த்தும் ஒயரால் தொடாமல் சிக்னல் மட்டும் காந்தப்புலம் வழியாகத் தாவுகிறது. லூப் உடைகிறது. ஆனால் சுண்டுவிரல் அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு 40, 50 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கடத்தும் சக்தி இல்லை. சப்வூஃபர் உள்ள காரில் அதைப் போடுவது பூட்டைத் திறக்கத் தெரியாமல் கதவைச் சுவரோடு பெயர்த்த மாதிரி. ஆக்ஸ் ஒயரில் போன் விசிலுக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். ப்ளூடூத்தில் பாட்டு கொடுத்தால் அதுவும் வேண்டாம்.

எர்த் சரியான பிறகு ஆம்பின் கெயினையும் ஒரு முறை பாருங்கள். கெயின் என்பது இன்னொரு வால்யூம் இல்லை, செட் தரும் வோல்ட்டுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. அதை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு செட்டில் வால்யூமைக் குறைத்துக் கேட்டால், சிக்னல் சின்னதாகவும் சத்தம் பெரிதாகவும் வரும்.

ரேடியோ கதைக்கு வருகிறேன். பாட்டு சுத்தம், ரேடியோவில் மட்டும் இரைச்சல் என்றால் சத்தம் காற்று வழியாக ஆன்டெனாவில் ஏறுகிறது. விசிலுக்குப் பதில் 'டக் டக் டக்' என்று எஞ்சின் வேகத்தோடு ஓடினால் அது ஸ்பார்க். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி, 800 ஆர்பிஎம்மில் நொடிக்கு 27. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி மின்னல், ஒரு குட்டி ரேடியோ நிலையம். இதை அடக்கத்தான் பிளக்குக்குள் சுமார் 5000 ஓம் ரெசிஸ்டர் வைக்கிறார்கள். பிளக் மாற்றும்போது ரெசிஸ்டர் இல்லாத மலிவு பிளக் உள்ளே போயிருந்தால் சத்தம் ஆரம்பிக்கும். இது கார் ரேடியோ பிறந்த நாளிலிருந்து உள்ள தலைவலி. 1930ல் சிகாகோவில் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ கொண்டு வந்தபோது, எஞ்சின் சத்தத்தை அடக்குவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்தக் குழுவில் இருந்த எல்மர் வேவரிங் பின்னாளில் அதே நிறுவனத்தில் கார் ஆல்டர்னேட்டரை உருவாக்கும் வேலையை வழிநடத்தினார். ஒரு சத்தத்தை அடக்கியவர் அடுத்த சத்தத்தையும் அவரே தந்துவிட்டுப் போனார்.

எஞ்சின் வேகத்தோடு மாறாத 'ஷ்ஷ்' என்றால் மலிவு எல்இடி பல்பு, டேஷ் கேமரா, யுஎஸ்பி சார்ஜர். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க உள்ளே ஒரு ஸ்விட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வித்தை இல்லை.

மிச்சம் ஒரு நிலைமை. ரொம்ப நாளாக அமைதியாக இருந்த கார், யாரும் எதையும் தொடவில்லை, திடீரென்று விசில் வருகிறது, அல்லது விசிலோடு தாழ்ந்த ஒரு உறுமலும் சேர்ந்து வருகிறது. அப்போது செட்டை விட்டுவிட்டு முதலில் பானட்டைத் திறங்கள். ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு போனால் மேடுகள் சமமாக இருக்காது, நடுநடுவே பள்ளம் விழும், சத்தம் பெரிதாகும். பேட்டரி வயதானாலும், டெர்மினல் லூஸானாலும் இதே கதிதான், ஏனென்றால் மேடுகளை விழுங்கிச் சமன் செய்வதே பேட்டரிதான்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் டிசி 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் சகஜம், அரை வோல்ட்டைத் தொட்டால் டயோடு சந்தேகம். ஒரு எச்சரிக்கை: ரொம்ப மலிவான மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்து எண்ணி 26, 27 என்று காட்டும். எஞ்சினை ஆஃப் செய்து பேட்டரியை ஏசியில் அளந்து பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் இந்த வேலைக்கு வேறு மீட்டர் இரவல் வாங்குங்கள்.

ஆல்டர்னேட்டர் நல்லதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிக் காட்டும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். "வண்டி நிக்கலல்ல சார், டைனமோ ஓகே." விடாதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியைத் திடீரென்று பிரித்தால் வோல்டேஜ் ஒரு கணம் 80, 100 வரை எகிறலாம். பழைய அம்பாசிடருக்கு அது பொருட்டில்லை, இசியூ உள்ள காருக்குப் பெரிய செலவு. டயோடு லீக் ஆகிறது என்று தோன்றினால் ராத்திரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்து, காலையில் மாட்டிச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். கழற்றி வைத்தால் எடுக்கிறது, மாட்டியே விட்டால் எடுக்கவில்லை என்றால் காரில் ஏதோ ஒன்று ராத்திரி முழுக்கக் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. விசிலும் இருக்கும் காரில் நான் முதலில் பார்ப்பது அந்த டயோடைத்தான்.